கடலோர வீட்டில் வெள்ளி லிக்கோரைஸ்: ராமநாதபுரம் கரைக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

வெள்ளி லிக்கோரைஸ் செடியின் இலையைக் கட்டைவிரலால் லேசாகத் தடவிப் பாருங்கள். பொங்கலுக்குக் காப்புக் கட்டும்போது சிறுபூளைக் கொத்தைப் பிடித்தால் விரலுக்கு எப்படி இருக்கும், அதே மெத்து. கொஞ்சம் அழுத்தித் தேய்த்தால் வெள்ளை நைந்து, அடியில் இருக்கும் பச்சை தெரியும். அந்த விரல் தடம் இலை உதிரும்வரை மறையாது. இந்தப் பஞ்சுதான் வெயிலைத் திருப்பி அடிக்கிறது, காற்று இலையின் ஈரத்தை உறிஞ்சாமல் காக்கிறது. அடைமழையில் ஈரத்தைப் பிடித்து வைத்துச் செடியை அழுகவிடுவதும் இதே பஞ்சுதான்.

உச்சிப்புளிக்கும் மண்டபத்துக்கும் நடுவில், தென்கடலிலிருந்து அரை கிலோமீட்டர் தள்ளி எங்கள் வீடு. ஆறு வருடமாக இந்தச் செடி என்னிடம் இருக்கிறது. முதல் இரண்டு வருடத்தில் ஏழு செடிகளை இழந்தேன். உப்புக் காற்றுதான் கொல்கிறது என்று நினைத்திருந்தேன். ஒவ்வொரு சட்டியாகக் கவிழ்த்து வேரைப் பார்த்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. ஏழில் ஐந்து, வேர் அழுகிப் போனவை. நான் நட்ட மாதம் தப்பு, கலந்த மண் தப்பு.

குளிர் நாட்டு வழிகாட்டிகள் பனி விலகியதும் நட்டு, கோடை முழுக்க ரசிக்கச் சொல்கின்றன. நம் கரைக்கு அந்தக் கணக்கு ஆகாது. இங்கே தையில் நட்டு, பங்குனிவரை ரசிக்க வேண்டும். சித்திரையிலிருந்து ஆவணிவரை உயிரோடு வைத்திருந்தால் போதும். ஐப்பசியில் மழை படாமல் கூரைக்குள் வைக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே இந்தக் கணக்கை ஒட்டித்தான்.

முதலில், எந்தச் செடியைப் பற்றிப் பேசுகிறோம்?

பெயரில் பெரிய குழப்பம் இருக்கிறது, அதில் ஆபத்தும் இருக்கிறது. அதனால் இதைத் தாண்டிப் போக வேண்டாம்.

லிக்கோரைஸ் என்றதும் நாட்டு மருந்துக் கடை அதிமதுரம்தான் பலருக்கு நினைவு வரும். அதன் தாவரவியல் பெயர் கிளைசிரைசா கிளாப்ரா. பயறு, அவரை வகைக் குடும்பம். வேரில் இருக்கும் கிளைசிரைசின்தான் அந்த இனிப்பு. தொண்டைக் கட்டுக்கு வாயில் அடக்கிக்கொள்வது அந்த வேர்.

இரண்டாவது, நம் வேலியிலேயே படரும் குன்றிமணி. இதற்கு ஆங்கிலத்தில் இந்தியன் லிக்கோரைஸ் என்று ஒரு பெயர் உண்டு. சிவப்பு மணியில் கறுப்புப் பொட்டு வைத்த அந்த விதையைப் பிள்ளைகள் பொறுக்கி விளையாடுவார்கள். அதற்குள் இருப்பது அப்ரின் என்ற கொடிய நஞ்சு. மேலோடு உடைந்த ஒரு விதைகூடக் குழந்தைக்கு உயிராபத்து. இணையத்தில் லிக்கோரைஸ் விதை என்று தேடி வாங்குகிறவர்கள் இதில் மாட்டிக்கொள்ள வாய்ப்பு இருக்கிறது. சிவப்பும் கறுப்புமாக விதை வந்து சேர்ந்தால் நட வேண்டாம், குழந்தை கைக்கு எட்டும் இடத்தில் வைக்கவும் வேண்டாம்.

நாம் வளர்க்கப் போவது மூன்றாவது. ஹெலிக்ரைசம் பெட்டியோலரே. சூரியகாந்தி, செவ்வந்திக் குடும்பம். தென்னாப்பிரிக்காவின் கேப் பகுதிதான் இதற்குத் தாய்வீடு. அங்கே ஆப்பிரிக்கான்ஸ் மொழியில் இதை கூய்கூட் என்பார்கள், படுக்கைப் பொருள் என்று அர்த்தம். பஞ்சு இலையை மெத்தைக்கு அடைத்திருக்கிறார்கள். காய்ந்த தழையைப் புகை போட்டு முன்னோரை அழைக்கும் வழக்கமும் அங்கு உண்டு. நம் வீட்டுச் சாம்பிராணி மாதிரி.

இந்தச் செடியில் சாப்பிட ஒன்றும் கிடையாது. வெயில் ஏறிய, காற்று ஓய்ந்த மத்தியானத்தில் கிட்டத்தில் குனிந்தால் அதிமதுரத்தை நினைவூட்டும் ஒரு மெல்லிய வாசம் வரும், அவ்வளவுதான். சிலருக்கு அதுவும் தெரியாது. வாசத்துக்காக வாங்கினால் ஏமாற்றம்தான் மிஞ்சும். நிறத்துக்காகவும் தொங்கும் அழகுக்காகவும் வாங்குங்கள்.

கன்று வாங்கும்போது

நம் பக்கத்து நர்சரிகளில் இது எப்போதும் கிடைக்காது. ஊட்டி, கொடைக்கானல், பெங்களூர்ப் பக்கமிருந்து வரும் கன்றுகள்தான் அதிகம். மலைக்குளிரில் வளர்ந்து, லாரியிலும் கூரியரிலும் வதங்கி வந்து சேரும். அதனால் மார்கழி கடைசியிலோ தை பிறந்த பிறகோ வாங்குங்கள். சித்திரையில் பாதி விலைக்குக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

வெள்ளி இலை என்ற பெயரில் வேறு செடிகளும் கைக்கு வரும். இலை ஓரம் சரிகை மாதிரி வெட்டுப்பட்டிருந்தால் அது டஸ்டி மில்லர். இலை சிறுநீரக வடிவில், தட்டையாக, தரையோடு ஓடினால் டைகான்ட்ரா. அதுவும் நல்ல செடிதான், ஆனால் வேறு செடி. நம் செடிக்கு இலை நீள்வட்டம் அல்லது இதய வடிவம், ஓரத்தில் வெட்டு இருக்காது, காம்பு தெளிவாகத் தெரியும், தண்டுகூடப் பஞ்சு போர்த்தியிருக்கும். ஹெலிக்ரைசம் என்று அச்சடித்த விதைப் பாக்கெட் கிடைத்தால் பெரும்பாலும் அது தாள் மாதிரி சலசலக்கும் பூக்களைப் பூக்கும் வேறு செடி. பூ பிடிக்குமென்றால் அதை வாங்கலாம். வெள்ளி இலை வேண்டுமென்றால் கன்றாக வாங்க வேண்டும்.

ரகத்தில் எளிய வெள்ளிதான் நமக்கு ஏற்றது. லைம்லைட் என்ற எலுமிச்சை நிற ரகம் பார்க்க அழகு, ஆனால் நம் வெயிலில் இலை ஓரம் தீய்ந்து போகிறது. ஓரம் பாலாடை நிறத்தில் இருக்கும் வேரிகேட்டம் இரண்டுக்கும் நடுவில்.

கன்றைக் கையில் எடுத்ததும் கீழ்த் தண்டைப் பாருங்கள். அங்கே கறுப்பு இருந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். இலை இரண்டு பழுத்திருந்தால் பரவாயில்லை, பயணக் களைப்பு. வீட்டுக்கு வந்ததும் சட்டி மாற்ற அவசரப்படாமல், காலை வெயில் மட்டும் படும் திண்ணையில் பத்து நாள் வைத்திருங்கள்.

தரையிலா, சட்டியிலா?

சட்டியில்தான். இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

ஒரு காரணம் வசதி. மழைக்கும் கோடைக்கும் இடம் மாற்றியே ஆக வேண்டிய செடி இது. இன்னொரு காரணம் அதைவிடப் பெரியது. இந்தச் செடி போர்ச்சுகலிலும் கலிபோர்னியாவின் கடலோரத்திலும் தோட்டத்தைத் தாண்டிக் காட்டில் பரவியிருக்கிறது. தண்டு தரையில் பட்ட இடத்தில் வேர் விடும். நம் வெக்கையில் அது அப்படிப் பரவி நான் பார்த்ததில்லை. ஆனால் வெளியூர்ச் செடி ஒன்று கை மீறினால் என்ன ஆகும் என்று ராமநாதபுரத்துக்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. சீமைக்கருவேலம் நம் கண்மாயையும் வயலையும் என்ன செய்தது என்று தினமும் பார்க்கிறோம். அழகுக்காக வளர்ப்பதை நம் கையெல்லைக்குள் வைத்திருப்பது நம் பொறுப்பு.

பத்து அங்குல மண்சட்டி போதும். மண்சட்டிக்குப் பக்கவாட்டிலும் ஈரம் காயும், அதனால் பிளாஸ்டிக்கைவிட நல்லது. அடியில் ஒரே ஓட்டை இருந்தால் பக்கத்தில் இன்னும் இரண்டு போட்டுக்கொள்ளுங்கள். சட்டியை நேராகத் தரையில் வைக்காமல் மூன்று ஓட்டுத் துண்டின் மேலோ செங்கல்லின் மேலோ தூக்கி வையுங்கள். தொங்கும் கூடை பார்க்க அருமையாக இருக்கும், ஆனால் நம் காற்றுக்கு அது ஊஞ்சலாடித் தண்டை ஒடிக்கும். திண்ணைச் சுவர் ஓரம், இடுப்பு உயரத்தில் ஒரு திண்டு போதும். வெளிப்புறம் அலங்காரம் வேண்டுமென்றால் பனை ஓலைப் பெட்டிக்குள் சட்டியை இறக்கி வையுங்கள். வெள்ளி இலையும் பழுத்த ஓலை நிறமும் அவ்வளவு பொருத்தம். பெட்டிக்குள் தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

மண் கலவை: பாதி வெற்றி இங்கேதான்

மணற்பாங்கான ஊரில் இருக்கிறோம், வாசலில் இருக்கும் மணலையே அள்ளிப் போடலாம் என்று நானும் நினைத்தேன். கடற்கரை மணலில் இரண்டு தொந்தரவு. ஒன்று உப்பு. இன்னொன்று கிளிஞ்சல் தூள். கிளிஞ்சல் சுண்ணாம்பு, அது மண்ணைக் காரமாக்கும். இரும்புச் சத்து வேருக்குக் கிடைக்காமல் இளம் இலை மஞ்சளாகும். வெள்ளிப் பஞ்சுக்குள் அந்த மஞ்சள் சீக்கிரம் கண்ணில் படாது, கண்டுபிடிக்கும்போது செடி பாதி போயிருக்கும்.

சட்டிக்கு அடியில் போட வெள்ளைக் கல் வேண்டுமென்று கரையில் கிடக்கும் பவளத் துண்டை எடுப்பவர்களும் உண்டு. தயவுசெய்து வேண்டாம். அதுவும் சுண்ணாம்புதான். அதோடு, மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் அவற்றைச் சுற்றிய கடலும் 1986 முதல் கடல்சார் தேசியப் பூங்கா. பவளம் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் முதல் அட்டவணையில் இருக்கிறது. கரையில் செத்துக் கிடந்தாலும் எடுத்து வருவது குற்றம்.

நான் இப்போது கலக்கும் அளவு இது. ஒரே டப்பாவால் அளந்துகொள்ளுங்கள்: பருமனான ஆற்று மணல் அல்லது நன்றாகக் கழுவிய எம்-சாண்ட் 4 பங்கு, செம்மண் 2 பங்கு, கழுவிய தென்னை நார்த்தூள் 2 பங்கு, மண்புழு உரம் 1 பங்கு, கரித்துண்டு 1 பங்கு.

எம்-சாண்டைக் கழுவச் சொல்வதற்குக் காரணம் அதிலிருக்கும் மாவுத்தூள். அது சட்டியின் அடியில் படிந்து சிமென்ட் மாதிரி இறுகிவிடும். வாளியில் போட்டுக் கலக்கி, கலங்கல் தண்ணீரை நான்கைந்து தடவை வடித்தால் போதும். பூச்சு வேலைக்கான நைஸ் மணல் ஆகவே ஆகாது.

நார்த்தூளைப் பற்றிக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். தேங்காய் மட்டையை உப்புத் தண்ணீரில் ஊறப்போட்டுத் திரிக்கும் வழக்கம் கடலோரத்தில் உண்டு. மட்டையிலேயே இயல்பாகவும் உப்பு இருக்கும். கட்டியாக விற்கும் நார்த்தூளை வாளியில் நல்ல தண்ணீர் விட்டு ஊறவைத்து, பிழிந்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிடுங்கள். முதல் தண்ணீர் கட்டன் டீ நிறத்தில் வரும். மூன்றாவது தடவை வெளிறிவிடும். அதன் பிறகுதான் கலவையில் சேர்க்க வேண்டும்.

கரித்துண்டு நம் மாவட்டத்தில் தாராளம். சீமைக்கருவேல மூட்டம் போடும் இடத்தில் மூட்டையில் சேராத சில்லு கிடக்கும். பட்டாணி அளவில் உடைத்துத் தூளைச் சலித்து எறிந்துவிட்டுச் சில்லை மட்டும் எடுங்கள். அது மண்ணுக்குள் காற்றுப் போக இடம் விடும். விறகடுப்புச் சாம்பலைப் போடாதீர்கள், அது வேறு, காரம் அதிகம்.

கலந்து முடித்ததும் ஒரு சோதனை. சட்டியில் நிரப்பி ஒரு சொம்புத் தண்ணீர் ஊற்றுங்கள். அரை நிமிடத்துக்குள் அடியில் வடிய ஆரம்பிக்க வேண்டும். மேலே குளம் கட்டி நின்றால் மணலைக் கூட்டுங்கள்.

நடும் நாள்

தை மாதத்துச் சாயங்காலம் ஒன்றைத் தேர்ந்தெடுங்கள். கன்றுக்கு முதல் நாளே தண்ணீர் விட்டிருக்க வேண்டும். பையைக் கிழித்து வேர்க்கட்டியைப் பாருங்கள். வேர் வளையம் சுற்றியிருந்தால் விரலால் மெல்லப் பிரித்துவிடுங்கள். மலை நர்சரிக் கன்றுகள் பலவற்றில் வெறும் நார்த்தூளாக ஒரு கட்டி இருக்கும். அதை அப்படியே நட்டால் சுற்றி மணல் காய்ந்து, நடுவில் கட்டி மட்டும் ஊறிக்கிடக்கும். என் செடிகளில் இரண்டு அப்படித்தான் போயின. கட்டியில் மூன்றில் ஒரு பங்கையாவது உதிர்த்துவிட்டு நடுங்கள்.

பையில் எந்த ஆழத்தில் இருந்ததோ அதே ஆழம், அல்லது ஒரு விரற்கடை மேலே. கழுத்துவரை மண்ணை அணைக்கக் கூடாது. மேல்மண்ணில் அரை அங்குலம் பருமணல் பரப்பினால், கீழ் இலை ஈரமண்ணைத் தொடாது. ஒரு தடவை அடி வடியும் அளவுக்குத் தண்ணீர். பிறகு மூன்று நாள் விட்டுவிடுங்கள்.

தண்ணீர்: அளவைவிடத் தரம் முக்கியம்

எங்கள் தெருவில் மூன்று கிணறு. மூன்றுக்கும் மூன்று ருசி. ஒன்றில் பருப்பு வேகும், ஒன்றில் சோப்பு நுரைக்காது, ஒன்று மாட்டுக்குத்தான். கரையோரத்தில் இருக்கும் எல்லோருக்கும் இது தெரியும். நாக்கு சொல்வதைச் செடியும் சொல்லும், நாக்கைவிடத் தாமதமாக.

தண்ணீரில் கரைந்திருக்கும் உப்பை அளந்து காட்டும் டிடிஎஸ் மீட்டர் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். 500க்குள் காட்டினால் கவலையில்லாமல் ஊற்றலாம். 500க்கும் 1000க்கும் நடுவில் என்றால் பாதிக்குப் பாதி மழைநீர் கலந்து ஊற்றுகிறேன். அதற்கு மேல் என்றால் இந்தச் செடிக்கு வேண்டாம். ஆர்.ஓ. இயந்திரம் கழித்துத் தள்ளும் தண்ணீரை வீணாக்காமல் செடிக்கு ஊற்றும் பழக்கம் பல வீட்டில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான், ஆனால் அது உப்பைக் கூட்டிக் கொடுத்த தண்ணீர். பாத்திரம் கழுவ, வாசல் அலம்ப வைத்துக்கொள்ளுங்கள்.

சிறந்தது மழைநீர். 100 சதுர அடி மாடியில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால் கிட்டத்தட்ட 90 லிட்டர். ஐப்பசி, கார்த்திகையில் இரண்டு 200 லிட்டர் டிரம்மை நிரப்பி வைத்தால் மூன்று சட்டிக்குக் கோடை முழுவதும் வரும். முதல் மழையை விட்டுவிட்டு அடுத்த மழையைப் பிடியுங்கள், மாடியில் படிந்த உப்பும் தூசியும் அதோடு போய்விடும். டிரம் வாயைத் துணி கட்டி மூடாவிட்டால் டெங்குக் கொசு வரும்.

எப்போது ஊற்றுவது? நாள் கணக்கு வைக்காதீர்கள். நடுவிரலை இரண்டாம் கணுவரை மண்ணில் விட்டுப் பாருங்கள். அங்கே காய்ந்திருந்தால் ஊற்றலாம். பழகிய பிறகு சட்டியைச் சாய்த்துத் தூக்கினாலே கனம் சொல்லிவிடும். தை, மாசியில் இரண்டு மூன்று நாளுக்கு ஒரு தடவை ஆகும், சித்திரை, வைகாசியில் தினமும்கூட ஆகும். காலையில், மண்ணில் மட்டும், அடி வடியும்வரை ஊற்றுங்கள். அரைகுறையாகத் தெளித்தால் உப்பு சட்டிக்குள்ளேயே சேரும். மண்சட்டியின் வெளியே வெள்ளையாகப் பூத்திருந்தால் அந்த உப்புதான். தேங்காய் நாரால் தேய்த்துவிட்டு, மழைநீரால் ஒரு தடவை சட்டி கொள்ளும் அளவைப் போல இரண்டு மடங்கு விட்டு வடியவிடுங்கள்.

இலை தொங்கியதும் தண்ணீர் ஊற்றக் கை ஓடும். நிதானியுங்கள். காய்ந்தாலும் தொங்கும், வேர் அழுகினாலும் தொங்கும். மண்ணைத் தொட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள். ஈரமண்ணில் தொங்கும் செடிக்கு இன்னொரு சொம்பு ஊற்றினால் அதுவே கடைசிச் சொம்பு.

வெயிலும் காற்றும்

தை முதல் மாசி வரை நல்ல வெயில் கொடுங்கள், குறைந்தது ஐந்து மணி நேரம். வெயில் குறைந்தால் பஞ்சு மெலிந்து இலை பச்சையடிக்கும், கணு நீளும். பங்குனி பாதியில் வெயில் சுள்ளென்று மாறும்போது, பத்து மணிக்கு மேல் நிழல் விழும் இடத்துக்கு மாற்றுங்கள். நம் கரையில் செடியை வாட்டுவது பகல் சூட்டைவிட இரவுப் புழுக்கம். பாம்பன் பக்கம் வைகாசி இரவில் 26, 27 டிகிரிக்குக் கீழே இறங்குவதே அபூர்வம். குளிர் இரவுக்குப் பழகிய செடிக்கு மூச்சு முட்டும். அந்த மாதங்களில் அது வளராது. வளரவில்லையே என்று உரம் போட்டால் செத்துப்போகும்.

காற்றுக்கு வருவோம். இரண்டு கடலுக்கும் இரண்டு கணக்கு. கீழக்கரை, ஏர்வாடி, பெரியபட்டினம், எங்கள் பக்கம் எல்லாம் தென்கடல். ஆண் கடல் என்பார்கள். வைகாசி கடைசியிலிருந்து கச்சான் காற்று உப்பையும் மணலையும் வாரிக்கொண்டு வரும். தேவிபட்டினம், தொண்டி பக்கம் வடகடல், பெண் கடல். அவர்களுக்கு வாடைக் காலத்தில்தான் உப்புச் சாரல். உங்கள் வீடு எந்தக் கடலைப் பார்க்கிறதோ, அந்தக் காற்று வீசும் மாதங்களில் செடி வீட்டின் எதிர்ப்பக்கம் இருக்க வேண்டும்.

மீன்பிடிக்கப் போகும் பக்கத்து வீட்டுச் சித்தப்பாதான் எனக்குக் காலண்டர். "தாயி, கச்சான் எழும்பிருச்சு, ரெண்டு நாள்ல பிடிச்சு அடிக்கும். வெள்ளைச் செடிய கொல்லைப் பக்கம் எடுத்து வச்சுரு" என்று வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுப்பார். அவர் சொல்லி ஒரு வருடமும் தப்பியதில்லை. காற்றை முழுதாக அடைக்கும் மதில் வேண்டாம், அது சுழல் உண்டாக்கும். பனை ஓலைத் தட்டியோ கீற்றுத் தட்டியோ இடைவெளியோடு கட்டினால் காற்றின் வேகம் மட்டும் குறையும்.

உப்புச் சாரல் இலையில் படிந்தால் என்ன செய்வது? இலையை நனைக்காதீர்கள் என்று மேலே சொன்னேன். இதற்கு மட்டும் விதிவிலக்கு. பலத்த காற்றடித்த மறுநாள் விடிகாலையில் நல்ல தண்ணீரை மெல்லிய பூவாளியால் ஒரு தடவை ஊற்றி, சட்டியைச் சாய்த்துத் தண்டை மெல்ல உதறி, வெயிலும் காற்றும் படும் இடத்தில் வையுங்கள். மத்தியானத்துக்குள் பஞ்சு உலர்ந்திருக்க வேண்டும். சாயங்காலம் இதைச் செய்யவே கூடாது.

கிள்ளுவது, உரம், பூச்சி

நட்ட மூன்றாம் வாரம் நுனிகளைக் கிள்ளுங்கள். கணுவுக்கு மேலே, இரண்டு இலை விட்டு. ஒவ்வொரு கிள்ளலுக்கும் இரண்டு கிளை வரும். மாதம் ஒரு தடவை செய்தால் சட்டி ததும்பி வழியும். தண்டு நம் ஊரில் இரண்டு, மூன்று அடி தொங்கும். பூ வந்தால் அழுக்கு வெள்ளையில் சிறு கொத்தாக வரும். அதில் அழகில்லை, கிள்ளிவிடுங்கள்.

உரம் குறைவாக. தை, மாசி, பங்குனியில் மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம். மற்ற மாதங்களில் ஒன்றும் வேண்டாம். பஞ்சகவ்யாவை இலையில் தெளித்தால் பஞ்சு ஒட்டிக்கொண்டு கறுக்கும்.

பூச்சியில் ஒன்றுக்குத்தான் பயப்பட வேண்டும். மாவுப்பூச்சி. செம்பருத்தியில் வந்தால் தூரத்திலேயே தெரியும். இங்கே வெள்ளை இலையில் வெள்ளைப் பூச்சி, கண்ணுக்கு அகப்படாது. எறும்பைக் கவனியுங்கள். தண்டில் எறும்பு வரிசை ஏறினால் இலைக்கக்கத்தைப் பிரித்துப் பாருங்கள். ஒன்றிரண்டு இருந்தால் சர்ஜிகல் ஸ்பிரிட் தொட்ட பஞ்சுக் குச்சியால் ஒற்றி எடுங்கள். அதிகம் என்றால் அந்தக் கிளையையே வெட்டிவிடுங்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் வேலை செய்யும், ஆனால் இலையின் வெள்ளி போய் எண்ணெய்க் கறையாக நிற்கும். நான் இப்போது அடிப்பதில்லை.

பதியன்: வருடா வருடம் செய்தே ஆக வேண்டியது

நம் கரையில் ஒரே செடியைப் பல வருடம் வைத்திருப்பது கஷ்டம். வருடத்துக்கு இரண்டு தடவை குச்சி எடுத்து வேர்விட வைத்தால், தாய்ச்செடி போனாலும் வம்சம் போகாது. என்னிடம் இருப்பவை எல்லாம் நான்கு வருடத்துக்கு முன் பிழைத்த ஒரே செடியின் பிள்ளைகள்.

மாசி கடைசியில் ஒரு தடவை, ஆவணியில் ஒரு தடவை. பூ இல்லாத இளந்தண்டின் நுனியை மூன்று, நான்கு அங்குலம், கணுவுக்குச் சற்றுக் கீழே, சுத்தமான பிளேடால் வெட்டுங்கள். கீழ்ப்பாதி இலைகளை எடுத்துவிடுங்கள். கழுவிய நார்த்தூளும் மணலும் சரிபாதி கலந்து பேப்பர் கப்பில் நிரப்பி, அடியில் ஓட்டை போட்டு, முன்கூட்டியே நனைத்து வையுங்கள். குச்சியைச் செருகி விரலால் அழுத்திவிட்டால் வேலை முடிந்தது.

இதற்குமேல் பாலித்தீன் பை கவிழ்த்து மூடச் சொல்வார்கள். மற்றச் செடிகளுக்கு அது சரி. பஞ்சு இலைக்கு வேண்டாம், நான்காம் நாளே சாம்பல் பூசணம் பிடிக்கும். நம் கரைக் காற்றிலேயே போதுமான ஈரப்பதம் இருக்கிறது. நிழலில், காற்றோட்டமாக வைத்தால் போதும். மூன்று, நான்கு வாரத்தில் குச்சியை மெல்ல இழுத்தால் பிடித்து நிற்கும். நுனியில் புதுசாக, சுண்டுவிரல் நகம் அளவில், ஈரமான பூனைக்குட்டிக் காது மாதிரி இரண்டு இலை விரியும். அந்த நாளில் சட்டிக்கு மாற்றலாம்.

பத்துக் குச்சி வைத்தால் ஆறு பிழைக்கும். அதனால் எப்போதும் பத்து வையுங்கள்.

மழைக்காலம்

ஐப்பசி முதல் மார்கழி பாதிவரை சட்டி கூரைக்குள்தான். வெளிச்சம் வேண்டும், மழை கூடாது. கிழக்குப் பார்த்த திண்ணை, ஷீட் போட்ட வாசல், மாடிப்படிக்குக் கீழே வெளிச்சம் வரும் மூலை, எதுவும் சரி. சட்டிகளை ஒட்டி வைக்காமல் ஒரு முழம் இடைவெளி விடுங்கள். தண்ணீரை வாரம் ஒரு தடவையாகக் குறையுங்கள். கீழே பழுத்த இலையை அன்றன்றே எடுத்துவிடுங்கள், பூசணம் அங்கேதான் தொடங்கும். புயல் அறிவிப்பு வந்தால் பதியன் கப்புகளை முதலில் வீட்டுக்குள் கொண்டுபோங்கள், பெரிய சட்டிகள் அப்புறம்.

கூட எதை வைக்கலாம்?

அதே தாகம் உள்ள செடியோடு வையுங்கள். பத்துமணிப் பூ நல்ல ஜோடி. ரோஸ் நிறப் பூவுக்கு அடியில் வெள்ளி வழிந்தால் சாயங்கால வெளிச்சத்தில் அவ்வளவு அழகு. நித்திய கல்யாணியும் ஒத்துப்போகும். காசித்தும்பை தினமும் தண்ணீர் கேட்கும், அதோடு சேர்க்காதீர்கள்.

இரண்டு தடவை முயன்றும் நிற்கவில்லை என்றால் மனம் விட வேண்டாம். வெள்ளி நிறம் நம் மண்ணிலேயே இருக்கிறது. மணல்மேட்டில் யாரும் தண்ணீர் ஊற்றாமல் நிற்கும் பெரும்பூளை, இலைக்கு அடியில் பட்டுப் போர்த்திய சமுத்திரப்பச்சைக் கொடி, வேலியோரத்துப் பேய்மிரட்டி. இவற்றுக்கு உப்பும் கச்சானும் பழக்கம். என் வாசலில் லிக்கோரைஸ் சட்டிக்கு எதிரில் ஒரு பெரும்பூளை நிற்கிறது. விருந்தாளிகள் பாதிப்பேர் அதைத்தான் முதலில் கேட்கிறார்கள்.

வெட்டிய தண்டை என்ன செய்வது?

கிள்ளிய நுனியையும் கழித்த கிளையையும் காலி மனையிலோ கண்மாய்க் கரையிலோ கொட்டாதீர்கள். ஈரமண்ணில் பட்டால் வேர் விடும். தகரத்தின் மேல் பரப்பி மூன்று நாள் வெயிலில் போடுங்கள். விரலால் நொறுக்கினால் முறுக்கு மாதிரி உடைய வேண்டும். அதன் பிறகு குப்பைக் குழிக்குப் போகலாம். நான் ஒரு பிடியை மட்டும் எடுத்து வைத்து, வெள்ளிக்கிழமை சாம்பிராணித் தணலில் போடுவேன்.